கல்லூரிப் பட்டறையில் ஒரு கருவிக் கம்மியர்

மின்குமிழிலே 40 வாற் என்றும் 60 வாற் என்றும் எழுதியிருப்பதை நாம் பலகாலும் கண்டிருக்கின்றோம். பௌதிக வகுப்பிலே வலுவின் அலகு யாதென ஆசிரியர் வினவ, அப்பெயரை ஒப்பித்துப் புள்ளி பெறாத மாணவர் மிகச் சிலரே. அப்பெயருக்குரியவர் யாவர் என்று கேட்டாலோ, கீழ்வகுப்பில் வாசித்த கதையொன்று உடனே நினைவில் எழும். அடுப்பில் வைத்த கேத்தலின் மூடி ஆவியினால் எழும்பி விழுவதை ஒரு சிறுவன் கண்டானாம். கண்டமாத்திரத்தே நீராவி யந்திரத்தைக் கண்டுபிடித்தானாம்.

கதை இனிமையானதே. உறவினள் ஒருத்தியின் நினைவுக் குறிப்பிலிருந்து பிறந்து, பாடப் புத்தகங்களில் வளர்ந்த கதை அது. ஆயின், ஜேம்ஸ் வாற் பிறப்பதற்கு 24 ஆண்டுகள் முன்னரே, 1712இல், இங்கிலாந்தின் டட்லி நகருக்கு அண்மையில் நீராவி யந்திரமொன்று சுரங்கத்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது. அதனை அமைத்தவர் டாட்மத் என்னும் சிறு துறைமுகப் பட்டினத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த தோமஸ் நியூக்கொமன். கடைக்காரர் ஒருவர் தொடங்கிய வேலையை இன்னொரு கடைக்காரரே திருத்தி முடித்தார் என்பதுதான் உண்மைச் சரித்திரம். அத்திருத்தமும் கேத்தலிலிருந்து பிறக்கவில்லை. பிழைப்புக்கு வழிதேடிய ஒரு சிறு பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்த ஒரு பொருளிலிருந்து பிறந்தது.

ஜேம்ஸ் வாற் 1736ஆம் ஆண்டு சனவரி 19ஆந் திகதி, ஸ்கொத்லாந்தின் கிளைட் நதி கடலோடு கலக்குமிடத்திலுள்ள கிறீனொக் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். பாட்டனார் கணிதம் கற்பித்தவர். தந்தையாரோ ஒரு தொழிலோடு நில்லாதவர், மரவேலை செய்வார், மரக்கலங்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்பார், மாலுமிகளின் கருவிகளைப் பழுதுபார்ப்பார், கடல் வாணிகத்திலும் பங்கு கொள்வார். பிள்ளை நோஞ்சல். தலைவலி அவரை ஆயுள் முழுவதும் விட்டகலவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகச் செல்ல இயலாத அச்சிறுவனுக்குத் தாயாரே எழுத்தறிவித்தார். தந்தையாரின் பட்டறையில் அவனுக்கென ஒரு சிறு மேசையும் உலையும் இருந்தன. 1753இல் தாயார் காலமானார். தந்தையாரின் வாணிகமும் நொடித்தது. கணிதக் கருவி செய்யும் தொழிலைக் கற்றுப் பிழைப்பது என்று இளைஞர் துணிந்தார்.

அத்தொழிலைக் கற்பிப்பார் கிளாஸ்கோவில் இல்லை. ஆகவே 1755இல் குதிரையேறி, இரண்டு கிழமைக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் இலண்டன் சென்றடைந்தார். அங்கே கம்மியர் சங்க விதி குறுக்கே நின்றது. எத்தொழிலாயினும் ஏழாண்டு ஒருவரிடம் தொழில் பயிலுநராக இருந்த பின்னரே அதனைச் செய்யலாம் என்பது விதி. வாற்றுக்கு ஏழாண்டு பொறுக்கப் பணமுமில்லை, வயதுமில்லை. கோண்ஹில்லில் இருந்த ஜோன் மோகன் என்பார் 20 கினி பெற்றுக்கொண்டு ஓராண்டில் எல்லாம் கற்பிக்க இசைந்தார். விடியற்காலை தொடங்கி இரவுவரை வேலை, உணவிலும் சிக்கனம். கப்பற் படைக்கு ஆள்பிடிப்போர் கையிற் சிக்குவோம் என்ற அச்சத்தினால் அவர் வெளியிற் செல்வதுமரிது. ஓராண்டு முடிவில் உடல் நலிந்து, ஆனால் நுண்ணிய பித்தளை வேலை எதனையும் செய்யவல்ல கையோடு, ஊர் திரும்பினார்.

கிளாஸ்கோவிற் கடை வைக்க முயன்றபோதும் அதே தடை எழுந்தது என்பர். அந்நகரத்துச் சம்மட்டித் தொழிலாளர் சங்கம், நகரப் பிரசையின் மகனும் அல்லாத, ஏழாண்டு பயிலாத ஒருவர் நகர எல்லைக்குள் பட்டறை வைத்தலை ஏற்கவில்லையாம். அந்நகரத்தில் அவ்வேலை தெரிந்தவர் வேறொருவரும் இருக்கவில்லை என்பதையும் சங்கம் பொருட்படுத்தவில்லை. சங்கங்கள் தொழிலைக் காப்பதும் உண்டு. தொழிலையே வரவொட்டாமற் காப்பதும் உண்டு.

அவ்வேளையிற் கைகொடுத்தது ஒரு கல்லூரி. ஜமேக்காத் தீவில் வாணிகஞ் செய்த அலெக்சாந்தர் மக்பாலேன் என்பார் தம் வானியற் கருவிகளைக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றிருந்தார். கடற்காற்றுப் பட்டுத் துருவேறி வந்த அவற்றைத் துடைத்துச் செப்பனிடும் வேலை வாற்றுக்குக் கிடைத்தது. கூலி 5 பவுண். (அக்கருவிகளை வாங்கிய செல்வம், அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புத் தோட்ட நாட்டுச் செல்வம் என்பதையும், வாற் குடும்பத்தாரின் கடல் வாணிகமும் அக்கறைக்கு அப்பாற்பட்டதன்று என்பதையும் இக்காலத்து ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். மறைத்தல் தகாது.) 1757இல் பல்கலைக்கழகம் தன் மதிலுக்குள்ளேயே அவருக்கு ஓர் அறை கொடுத்துப் பல்கலைக்கழகக் கருவிக் கம்மியர் என்னும் பெயரையும் கொடுத்தது. நகரச் சங்கத்தின் அதிகாரம் கல்லூரி வாயிலைத் தாண்டிச் செல்லாது.

அறை சிறிதேயாயினும் அங்கு வந்து அமர்ந்தவர்கள் சிறியரல்லர். இரசாயனப் பேராசிரியர் யோசேப்பு பிளாக் வருவார்; மாணவராயிருந்த ஜோன் றொபிசன் வருவார். நாடுகளின் செல்வம் பற்றிப் பின்னர் பெருநூல் எழுதிய அடம் ஸ்மித் அக்காலத்தில் அங்கே பேராசிரியர். தொழில் பயிலுவோருக்கு நீண்ட காலவெல்லை விதிக்கும் சட்டங்களை அந்நூலிலே அவர் கடுமையாகக் கண்டிக்கின்றார். கல்லூரி முற்றத்துக் கம்மியர் அவர் மனத்தில் இருந்தாரோ என எண்ணத் தோன்றுகின்றது.

பேராசிரியர் நட்பு வயிற்றை நிரப்பாது. கணிதக் கருவிகளுக்குக் கொள்வோர் குறைவு. எனவே 1759இல் ஜோன் கிறெயிக் என்பவரைக் கூட்டாளியாகக் கொண்டு நகரில் ஒரு கடை திறந்தார். புல்லாங்குழலும் விற்றார், விளையாட்டுப் பொருளும் விற்றார், இசைச்சுவை சிறிதும் அறியாத அவர் ஓர்கன் வாத்தியமும் செய்து கொடுத்தார். உடைந்தது எதுவாயினும் அவர் கடைக்கு வரலாம். அக்கடையில் ஒருகாலத்தில் 16 பேர் வரை வேலை செய்தனர். டெல்வ்பீல்ட் மட்பாண்டத் தொழிற்சாலையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1764இல் மாகிறெட் மில்லர் என்னும் உறவுப்பெண்ணை மணந்து இல்லறத்தில் அமர்ந்தார்.

இதற்கிடையேதான் அந்தப் பழுதுபார்ப்பு வேலை வந்தது. பல்கலைக்கழகத்திலே பௌதிக வகுப்புக்கென நியூக்கொமன் யந்திரத்தின் சிறு மாதிரியொன்று இருந்தது. இலண்டனுக்கு அனுப்பியும் அது செவ்வையாகாமல் மீண்டது. 1763இன் கடைப்பகுதியில் அதனை வாற்றிடம் ஒப்புவித்தனர். உருளையின் விட்டம் 2 அங்குலம். வாற் அதனைச் செப்பனிட்டார். யந்திரம் சில அடிகள் அடித்தது. பின் ஆவி தீர்ந்து நின்றது.

வேறொருவர் கூலியை வாங்கிக்கொண்டு பொருளைத் திருப்பிக் கொடுத்திருப்பர். வாற் ஏன் நின்றது என்று கேட்டார். நியூக்கொமன் யந்திரத்தில், உருளைக்குள் ஆவி நிறைந்தவுடன் குளிர்ந்த நீர் பாய்ச்சப்படும், ஆவி ஒடுங்கும், உருளையில் வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்று முசலத்தைக் கீழே அழுத்தும். அடுத்த அடிக்கு வரும் ஆவியோ, முதலில் அக்குளிர்ந்த உருளையைச் சூடாக்கிய பின்னரே தன் வேலையைத் தொடங்க வேண்டும். இவ்வாறு முக்காற்பங்கு ஆவி வீணாவதை வாற் அளந்து கண்டார். நிலக்கரிச் சுரங்க வாயிலில் நின்ற பெரிய யந்திரங்களுக்கும் இக்குறை இருந்தது. ஆயின் அங்கே விற்கவியலாத கழிவுக் கரி மலைபோற் குவிந்து கிடந்தது. யார் கணக்குப் பார்ப்பர்? சிறிய உருளைக்கு அதன் கொள்ளளவை நோக்க மேற்பரப்பு அதிகம்; ஆதலால் வெப்ப நட்டமும் அதிகம். பெரியவற்றில் மறைந்திருந்த குறையைச் சிறியது காட்டிக்கொடுத்தது. நீர் ஆவியாகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்கின்றது என்பதையும் அவர் தாமே சோதித்து வியப்புற்று, பிளாக்கிடம் சென்றார். மறைவெப்பத்தைத் தாம் முன்னரே கண்டு கற்பித்து வருதலைப் பிளாக் அவருக்கு விளக்கினார்.

1765ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், கிளாஸ்கோப் புல்வெளியில் உலாவிக்கொண்டிருக்கையில் விடை தோன்றிற்று. ஆவியை உருளையிலேயே குளிர்விப்பானேன்? வேறொரு கலத்தை உருளையோடு இணைத்து அதனுள் வெற்றிடம் அமைத்துவிட்டால், ஆவி தானாகவே அதனுட் பாய்ந்து ஒடுங்கும். உருளை எப்பொழுதும் சூடாகவும், ஒடுக்கி எப்பொழுதும் குளிர்ந்தும் இருக்கும். பித்தளைப் பீச்சாங்குழலொன்றைக் கொண்டு சில நாள்களிலேயே மாதிரி செய்து மெய்ப்பித்தார்.

கேத்தற் கதை சொல்வோர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். நமக்கோ சரித்திரம் இங்கேதான் தொடங்குகின்றது. புல்வெளியில் எண்ணம் உதித்ததற்கும், விலைக்குப் போன முதல் யந்திரம் ஓடியதற்கும் இடையே 11 ஆண்டுகள் சென்றன. எண்ணம் பிழையன்று, முதல் இல்லை, உருளை செய்யத் தெரிந்த கொல்லர் இல்லை. சம்மட்டியால் அடித்து வளைத்த உருளையில் முசலம் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும்; எண்ணெய்த் துணியும் தக்கையும் வைத்து அடைத்தும் ஆவி கசிந்தது. கிறெயிக் 1765இல் இறந்தார். கடன் பெருகிற்று; கொடுத்தவர்களுள் பிளாக் முதன்மையானவர். குடும்பத்தைக் காக்க வாற் கால்வாய் அளவையாளராக மாறி, மழையிலும் பனியிலும் ஸ்கொத்லாந்தின் மேடுபள்ளங்களை அளந்து திரிந்தார். கரொன் இரும்பாலையைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜோன் றோபக் அக்கடனைத் தாம் ஏற்று, கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றுக்கொண்டார். 1769 சனவரி 5ஆந் திகதி ஆக்கவுரிமை கிடைத்தது. கின்னீல் என்னுமிடத்தில் 18 அங்குல உருளையோடு சோதனை யந்திரமொன்று எழுந்தது; திருப்தியாக ஓடவில்லை. றோபக்கின் சுரங்கங்களில் வெள்ளம் புகுந்தது. 1773இல் அவர் வங்குரோத்து அடைந்தார். அதே ஆண்டு புரட்டாதியில் வாற் வடமலைப் பகுதியில் கால்வாய்க்கு நிலம் அளந்துகொண்டிருந்தபோது, வீட்டில் மனைவியார் பிரசவத்தில் இறந்தார். தாயற்ற குழந்தைகளோடு 37 வயதில் அவர் நின்ற நிலை இது.

றோபக்குக்குக் கடன் கொடுத்தோருள் ஒருவர் பேர்மிங்காம் நகரத்து மத்தியூ போல்ற்றன். பொத்தானும் சப்பாத்துக் கொளுவியும் சிறு உலோக அணிகளும் செய்த ஒரு தகப்பனின் மகன். அத்தொழிலைச் சோகோ என்னுமிடத்தில் பெருந்தொழிற்சாலையாக வளர்த்தவர். கோடையில் ஓடை வற்றினால் அவருடைய நீர்ச்சக்கரங்கள் நின்றுவிடும். ஆதலால் யந்திரத்தின் அருமை அவருக்குச் சொல்லாமலே தெரியும். முன்னொரு தடவை, மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் யந்திரஞ் செய்யும் உரிமையை அவருக்குக் கொடுக்க முன்வந்தபோது, உலகம் முழுவதற்கும் செய்வதாயினன்றித் தமக்கு வேண்டாம் என மறுத்தவர் அவர். வங்குரோத்துக் கணக்கிலே மற்றக் கடன்காரர் ஆக்கவுரிமையை ஒரு காசுக்கும் மதிக்கவில்லை. போல்ற்றனோ தமக்கு வரவேண்டிய 1,200 பவுணுக்கு ஈடாக அதனையே கேட்டு வாங்கினார். 1774இல் வாற் பேர்மிங்காமிற் குடியேறினார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் ஆக்கவுரிமையை 1800 வரை நீட்டிக்கொடுத்தது. இருவரும் 25 ஆண்டுக்குக் கூட்டாளிகளாயினர். ஒருவர் எப்போதும் ஐயுறுபவர், ஒருவர் எப்போதும் துணிபவர். இத்தகைய பொருத்தம் திருமணத்திலும் அரிது.

உருளைச் சிக்கலையும் இன்னொரு பட்டறையே தீர்த்தது. ஜோன் வில்கின்சன் என்னும் இரும்பு வார்ப்பாளர், பீரங்கிக் குழாய் குடைதற்கென ஒரு பொறியை 1774இல் அமைத்திருந்தார். அதே முறையில் அவர் குடைந்த 50 அங்குல உருளை, எவ்விடத்திலும் ஒரு பழைய சில்லிங் காசின் தடிப்பளவுகூடப் பிசகவில்லை. 1776இல் இரண்டு யந்திரங்கள் ஓடத் தொடங்கின. ஒன்று திப்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைத்தது, மற்றது வில்கின்சனின் உலைக்கே காற்று ஊதியது. அடம் ஸ்மித்தின் நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

இன்று பலரும் அறியாத ஒன்றை இங்கே கூறல் வேண்டும். முதல் இருபதாண்டுகளில் போல்ற்றன் வாற் கூட்டு முழு யந்திரத்தைச் செய்து விற்கவில்லை. வரைபடத்தைக் கொடுக்கும், நுண்ணிய வால்வு முதலிய சில உறுப்புகளைச் சோகோவிற் செய்யும், பொருத்துதற்கு ஓர் ஆளை அனுப்பும். உருளை வில்கின்சனிடமிருந்து வரும். மரச்சட்டம் ஊர்த் தச்சர் வேலை. இரும்புக் கோல்கள் ஊர்க் கொல்லர் வேலை. அவ்வாறு ஒரு யந்திரம் எழுந்த ஊரிலெல்லாம், அதனைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் தெரிந்த சிலர் உருவாயினர். சோகோ வார்ப்பாலை வந்தது 1796இலேதான்.

கூட்டுக்கு வருமானம் எங்ஙனம்? பழைய யந்திரத்தைவிட மிச்சப்படும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வேல்ஸிலிருந்து கப்பலில் நிலக்கரி இறக்கிய கோண்வால் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களுக்கு இது முதலில் தேவாமிர்தம். 1777 தொடக்கம் சில ஆண்டுகளுள் பழைய யந்திரங்கள் ஏறக்குறைய எல்லாம் அங்கே அகன்றன. யந்திரத்தின் அடிகளை எண்ணுதற்குப் பூட்டிய பெட்டிக்குள் ஒரு கணிப்பான் வைக்கப்பட்டது. சுரங்கக்காரர் அந்தப் பெட்டியை அன்போடு நோக்கினர் எனச் சொல்லவியலாது.

சக்கரஞ் சுழற்றும் யந்திரம் வேண்டுமென்று போல்ற்றன் தூண்டினார். மாவாலையும் நூலாலையும் வைத்திருப்போர் காத்திருக்கின்றனர் என்பது அவர் வாதம். எளிய வளைதண்டு முறைக்கு வேறொருவர் ஆக்கவுரிமை பெற்றுவிட்டமையால், வாற் 1781இல் ஒரு பற்சக்கரத்தை மற்றொன்று கோள்போற் சுற்றிவரும் அமைப்பைச் செய்தார். 1782இல் முசலத்தின் இருபுறமும் ஆவி தள்ளும் யந்திரம். 1784இல் இணையியக்க அமைப்பு. தம் ஆக்கங்கள் யாவற்றிலும் இதனையே அவர் பெருமையாகக் கருதினார். குதிரை பூட்டி ஆலை ஓட்டிய சிறு முதலாளிக்கு விளங்கும்படி, ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தலை ஓரடி உயர்த்துவது ஒரு பரிவலு என்று கணக்கிட்டதும் அவரே. எத்தனை குதிரையை விற்கலாம் என்று ஆலைக்காரர் உடனே அறிந்துகொண்டார்.

இனி, புகழுரையாளர் விரைந்து கடக்கும் பகுதிக்கு வருவோம். சங்க விதியினால் வாயில் அடைக்கப்பட்ட அதே மனிதர், தமக்குச் சட்டம் துணையான பின்னர், பிறருக்கு வாயில் அடைத்தார். கோண்வாலின் ஜொனதன் ஹோண்புளோவர் 1781இல் இரண்டு உருளைகளில் ஆவியை அடுத்தடுத்து வேலைசெய்விக்கும் யந்திரத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார், நல்ல எண்ணமே. ஆயினும் தனி ஒடுக்கியின்றி அது பயன்படாது; ஒடுக்கியோ வாற்றுடையது. வழக்கு நீதிமன்றங்களில் இழுபட்டு 1799இல் வாற் பக்கமே தீர்ந்தது. உயரமுக்க ஆவி ஆபத்தானதென்று வாற் அதனை ஏற்கவேயில்லை. அவருடைய ஊழியரும் மகா கெட்டிக்காரருமான வில்லியம் மேடொக் 1784இல் ஆவியால் ஓடும் சிறு வண்டியொன்று செய்தார். அதற்கு ஆக்கவுரிமை பெற அவர் புறப்பட்டபோது, போல்ற்றன் எக்செற்றரில் அவரைக் கண்டு திருப்பி அழைத்துச் சென்றார். உருளை குடைந்து கொடுத்த வில்கின்சனும் இரகசியமாக யந்திரங்கள் செய்து விற்றது 1795இல் வெளிவந்தது. களவு களவே, வாற்றின் சினமும் நியாயமே. 11 ஆண்டு கடனிலும் கண்ணீரிலும் அலைந்தவர் தம் பலனைக் காக்க எழுந்ததை யார் குறைகூற வல்லார்? அத்தகைய பாதுகாப்பு இல்லையேல் போல்ற்றன் தம் பொருளை முடக்கியிருக்கவும் மாட்டார். எனினும் அடைத்த கதவு கதவுதான்.

1800இல் ஆக்கவுரிமை முடிந்தது. அதற்குள் ஏறக்குறைய 500 யந்திரங்கள் எழுந்திருந்தன. அடுத்த ஆண்டே கோண்வாலின் றிச்சாட் திரெவிதிக் உயரமுக்க ஆவியால் ஓடும் வண்டியைக் கம்போண் தெருவில் ஓட்டினார். 1804இல் வேல்ஸில் தண்டவாளத்தின்மேல் ஓட்டினார். ஹோண்புளோவரின் இரட்டை உருளையை ஆதர் வூல்ப் மீட்டெடுத்தார். 1811 முதல் கோண்வால் சுரங்கக்காரர், எந்தச் சுரங்கத்து யந்திரம் எவ்வளவு கரிக்கு எவ்வளவு நீர் இறைத்ததென மாதந்தோறும் அச்சிட்டு, ஒருவர் திருத்தத்தை ஒருவர் பார்த்துப் பின்பற்றலாயினர். கால் நூற்றாண்டில் அங்கத்தை யந்திரங்களின் சராசரிப் பயன் ஏறக்குறைய மும்மடங்காயிற்று. இவை யாவும் பெரும்பாலும் சிறு பட்டறைக்காரரும் சுரங்கப் பொறிவல்லாருமே செய்த திருத்தங்கள்.

வாற் இவற்றையெல்லாம் தூரத்திலிருந்து கண்டார். கூட்டு முடிந்தவுடன் தொழிலை மக்களிடம் விட்டு விலகினார். செல்வத்துக்குக் குறைவில்லை. 1776இல் மணந்த இரண்டாவது மனைவியார் ஆன் மக்கிறெகரின் மகன் கிறெகரி 1804இல் மறைந்தமை மட்டும் ஆறாத துயராய் நின்றது. ஹான்ட்ஸ்வேத்தில் தம் வீட்டின் மேன்மாடத்துக் கூரையறையை அவர் பட்டறையாக்கிக்கொண்டார். சிலைகளை அவ்வாறே பிரதிசெய்யும் பொறியொன்றை அங்கே ஆக்கி, முதுமையின் நாள்களை அதனோடு கழித்தார். விற்பனைக்கு அன்று; நண்பர்க்குப் பரிசளிக்கவே. 1819 ஓகஸ்ட் 25ஆந் திகதி, தமது 83ஆம் வயதில் அவர் காலமானார். கூரையறை பூட்டப்பட்டது. அரங்களும் உளிகளும் கடைசற்பொறியும் முற்றுப்பெறாத சிலைகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தன. 1924இல் அவற்றை இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்குக் கொண்டு சென்று, இருந்தவாறே அடுக்கி வைத்தனர். அவற்றுள் பல, கல்லூரி முற்றத்துக் கடைக்காலத்திலிருந்து அவர் வைத்திருந்த ஆயுதங்கள்.